இழுக்கிற இடம்

கொழும்புப் பேப்பர் கல்முனைக்கு வந்து சேர்ந்த நேரம் ஜவுபர் சலூன் கதிரையில் இருந்தான். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. மற்றதில் சவுக்கார நுரை அப்படியே நின்றது. தபேலா அடிக்கிற றஸாக் பேப்பரைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"மச்சான், போட்டிருக்கான்டா! ஒண்ட படத்தோட போட்டிருக்கான்!"

"என்ன போட்டிருக்கான்? வாசி."

முடி வெட்டக் காத்திருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். றஸாக் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிறவன் மாதிரி விறைத்து நின்று வாசித்தான்.

"'சூறாவளியில் தந்தையைப் பறிகொடுத்த துயரைப் பாடிக் கிழக்கிலங்கையையே அழவைத்த குரல் இது...' பாரு மச்சான், கிழக்கிலங்கையே எண்டு போட்டிருக்கான்! '...அந்தக் குரல் இப்போது வெள்ளாப்பு என்ற தனிக் கசெற்றில் சிரிக்கிறது. சிரிக்கட்டும். எதற்காகச் சிரிக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. விடிகிறது. சேவல் கூவுகிறது. தந்தை பள்ளிவாசலிலிருந்து வந்து பால் தேநீர் குடிக்கிறார். இதற்கு ஒரு பாட்டா?'"

றஸாக்கின் குரல் இறங்கியது. "மிச்சத்தப் பிறகு வாசிப்பம்."

"வாசிடா."

"'இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. ஒவ்வோர் அடியும் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். அங்கே குரலும் இல்லை, வாத்தியமும் இல்லை. பாவம், தபேலாக்காரர் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, தூசி தட்டிக்கொண்டு எழும்பி வருகிறார். தாளத்தில் கால் ஊன்றத் தெரியாதவர்கள் கோஷ்டியை விட்டுத் தனியே புறப்படுவது...' அட நாசமாப் போவான்! என்னையும் சேத்துத் தள்ளி உட்டிருக்கான்!"

சலூன் சிரித்தது. சலூன்காரர் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஜவுபர், மத்தக் கன்னத்தையும் வழிக்கவா? இல்லாட்டி அத பள்ளமாவே உடவா?"

ஜவுபரும் சிரித்தான். சிரிக்காமல் எழும்பிப் போனால் அது இன்னும் மோசமாக இருக்கும்.

பிறைநிலா இசைக் கோஷ்டியில் பாட வருமுன் அவன் நெல் மில்லில் மூட்டை தூக்கினவன். அவனுடைய வாப்பா ஆதம்பாவா கரைவலை இழுத்தவர். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும், கரையில் வரிசையாக நின்று, ஆட்கள் இழுத்தெடுக்கிற வேலை அது. உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து கடைசியில் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். வீட்டில் சோற்றைப் பிசையும்போது ஆதம்பாவாவுக்குச் சூடு தெரியாது. "இந்தக் கயித்தில நீ கை வெச்சா கைய முறிப்பன்" என்று மகனிடம் சொல்லிவைத்தார். அதனால் மகன் மூட்டைக்குப் போனான். பாரம் ஒன்றுதான், கடல் மட்டும் இல்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளியில், மீன்காரர் தங்குகிற வாடிக் கொட்டிலின் மேல் தென்னை விழுந்து ஆதம்பாவா மௌத்தானார். கோஷ்டித் தலைவர் அப்துல் கபூர் அதை வைத்து ஒரு பாட்டுக் கட்டினார். 'வாப்பா, ஒங்கட பாய் விரிச்சபடி' என்று தொடங்கும். ஜவுபர் அதைப் பாடினால் முன்வரிசையில் இருக்கிற ஆண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். கல்யாண வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள், சுன்னத்து வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். பிரியாணி தின்றுவிட்டு அழுதார்கள். மூன்று வருஷமாக ஜவுபர் தன்னுடைய வாப்பாவை மேடைக்கு மேடை மௌத்தாக்கிக்கொண்டிருந்தான்.

அப்படியிருக்க ஒருநாள் விடியப்புறம், வெள்ளாப்பு நேரம், சைக்கிளில் போகும்போது வேறொரு பாட்டு வாய்க்கு வந்தது.

வெள்ளாப்பு வந்திரிச்சி
வீட்டுச் சேவல் கூவிரிச்சி
பள்ளியால வாப்பா வாறார்
பால் தேத்தண்ணி ஊத்து மச்சி

அதில் வாப்பா உயிரோடு வந்தார். பிறகு மழை வந்தது, புது டயர் போட்ட சைக்கிள் வந்தது, மனைவி மைமூனாவின் ஏச்சு வந்தது. ஒரு கசெற்றுக்குக் காணுமளவுக்குப் பாட்டுகள் வந்தன. ஒன்றிலாவது அழுகை இல்லை. கபூரிடம் பாடிக் காட்டினான். "இத ஆரு கேப்பாங்க?" என்று கபூர் கேட்டார். அந்தக் கேள்வியோடு ஜவுபர் கோஷ்டியை விட்டான். சந்தைக்குப் பக்கத்தில் அச்சிமுகம்மது வைத்திருந்த, கசெற் பதிந்து விற்கிற ரெக்கோடிங் பாரில், இரவல் ஹார்மோனியத்தோடும் றஸாக்கின் தபேலாவோடும், தனியாகப் பாடிப் பதிந்தான்.

பதியும்போதே றஸாக் கேட்டிருந்தான். "அடி முடிஞ்ச உடனே ஏன்டா சும்மா நிக்கிற? எனக்குக் கை எங்க வெக்கிறதெண்டே தெரியல்ல."

"எனக்கும் தெரியா. அப்படித்தான் வருகிது."

பேப்பர் வந்த பிறகு அந்தச் சொல் ஊருக்குள் புகுந்துகொண்டது. சந்தியில் பொடியன்கள் "காக்கா, பள்ளம் இரிக்கி, பாத்துப் போங்க" என்று சைக்கிளுக்கு வழி விட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு மௌலவி, "சிரிக்கிறதுக்கு மார்க்கத்தில தடையில்ல. ஆனா வாப்பா மௌத்தான புள்ள இந்தளவு சிரிக்கோணுமா?" என்று கேட்டார். றேடியோவில் ஒரு பாட்டைப் போட்ட அறிவிப்பாளர் "வித்தியாசமான முயற்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். முன்பு அவன் பாட்டைக் கேட்டு அழுத ஒரு மனிசி, சந்தையில் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் அவனுக்கு ஆகச் சுட்டது.

அச்சிமுகம்மது கசெற் பெட்டிகளைக் கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டார். "ஏசுறன் எண்டு நினைக்காத. பள்ளத்த அடைச்சுப் பாடித் தா, திரும்ப அடிப்பம். இப்ப இது போகாது."

வீட்டில் மைமூனா முற்றத்தில் அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். பேப்பரில் போட்டதை ஜவுபர் சொன்னான்.

"எழுதினவர் ஆரு?"

"கொழும்பில ஒருத்தர். பெரிய ஆள்."

"அவரு நெல் அவிச்சிருக்காரா?"

"நெல்லுக்கும் பாட்டுக்கும் என்னகா?"

"எனக்கென்ன தெரியும்? பாட்டப் போட்டா என்ட கால் வேலை செய்யுது. அந்த வாப்பா பாட்டப் போட்டா நான் சுவரோட சாஞ்சிருவன், நெல்ல கோழி திண்டிரும். அவ்வளவுதான் நம்மட படிப்பு." பிறகு நின்று, குரலை இறக்கிக் கேட்டாள். "ஆனா மேடை இல்லாம எத்தின நாளைக்கு இரிக்கிற? திரும்ப மூட்டைக்கா?"

தோள்பட்டை பழையபடி மூட்டைக்குக் குனியும். ஆனால் ஒருதரம் மேடையில் ஏறி நின்றவன், மில் வாசலில் சாக்குக் கொழுக்கியோடு நிற்பதை ஊர் பார்க்கும். "பள்ளம் ஜவுபர் வாறான், மூட்டைய விழுத்திருவான்" என்பார்கள்.

அந்தக் கிழமை கபூரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கபூர் மடிப்புக் குலையாத களிசான் போட்டு, அக்கோடியனை மடியில் வைத்தபடி இருந்தார். கோஷ்டியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவர். கெட்ட மனிசன் இல்லை. பாட்டில் ஓட்டை இருந்தால் அவருக்குப் பல் கூசும்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கடற்கரையில மேடை போடுறம்" என்றார். "நீ வா. வாப்பா பாட்டப் பாடு. ஒண்ட வெள்ளாப்பையும் பாடு, நான் மறிக்கல்ல. ஆனா பள்ளத்த அடைச்சிட்டுப் பாடு. சரியா வந்தா நீ திரும்ப நம்மட ஆள். கோஷ்டிட பேரிலயே புதுசாப் பதிவம்."

"எதால அடைக்கிற, காக்கா?"

"லலலா எண்டு போடு. உலகம் முழுக்க அதாலதான்டா அடைக்கிறாங்க."

ஜவுபர் ஓம் என்றான்.

பெருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. அதுவரை அடுப்பு எரிய வேண்டும். ஊர் மில்லுக்குப் போக மனம் இல்லாமல், அவன் தெற்கே பொத்துவிலுக்குப் பஸ் ஏறினான். அறுகம்பேயைத் தாண்டி ஒரு கரைவலை வாடியில் கயிற்றுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தான். அங்கே அவனுடைய முகம் யாருக்கும் தெரியாது. வழி முழுக்க ஜன்னலோரத்தில் இருந்து வாய்க்குள் பாடிப் பழகினான். வெள்ளாப்பு வந்திரிச்சி, லலலா. வீட்டுச் சேவல் கூவிரிச்சி, லலலா. தம்பிலுவில் தாண்டும்போது அது நன்றாக ஒட்டிக்கொண்டது. வெட்டின காயத்தில் பிளாஸ்டர் ஒட்டின மாதிரி.

வாடியில் தண்டயலாக இருந்தவர் மீராமுகைதீன். வலைக்கும் தோணிக்கும் ஆட்களுக்கும் அவர்தான் தலை. ஜவுபரின் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கயிறு பிடிச்சிருக்கியா?"

"இல்ல. மூட்டை தூக்கியிருக்கன்."

"முதுகு இரிக்கி, கை இல்ல. சரி, நில்லு. தோல் போனா உப்புத் தண்ணியில கழுவு. அழாத."

கயிற்றில் பொத்துவில் முஸ்லிம்களும் தம்பிலுவில் தமிழாட்களும் கலந்து நின்றார்கள். விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடியத் தோணி போய் வலையை வளைத்து வந்தது. ஒரு கயிறு வடக்கே, மற்றது தெற்கே. ஜவுபர் தெற்குக் கயிற்றில் நடுவில் நின்றான். கடலைப் பார்த்து நின்று கயிற்றைப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வோர் அடி வைக்க வேண்டும். தென்னையடிக்குப் போய்ச் சேர்ந்த கடைசி ஆள் கயிற்றை விட்டு, தண்ணீரோரம் நடந்து வந்து திரும்ப முன்னால் பிடிப்பான். கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இழுத்தார்கள். கயிறு விறைத்தது. முன்னால் நின்ற கதிர்காமன், தம்பிலுவில் ஆள், நரைத்த நெஞ்சு, காரித் துப்பிவிட்டு அம்பா எடுத்தார். இழுக்கிறவர்களுக்கு மூச்சும் காலும் ஒன்றாக வர ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பாட்டு.

"வெள்ளாப்பு வந்திரிச்சி!"

ஜவுபரின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"வலைக்குள்ள மீன் சிரிச்சி!"

மெட்டு அவனுடையது. மீன் அவனுடையது அல்ல. அடுத்த அடியில் முஸ்லிம்கள் "பள்ளியால தண்டயல் வாறார்" என்று பாட, தமிழாட்கள் "கோயிலால தண்டயல் வாறார்" என்று பாட, இரண்டும் ஒரே கயிற்றில் மோதி, ஒன்றாகவே, "பங்கு மீனப் பதுக்கு மச்சி" என்று முடிந்தது. தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்ற மீராமுகைதீன் திரும்பி, "பதுக்கிப் பாருங்கடா, கைய வெட்டுறன்" என்று கத்தினார். கயிறு முழுக்கச் சிரிப்பு ஓடியது.

பக்கத்தில் நின்றவனிடம் ஜவுபர் கேட்டான். "இது ஆர்ட பாட்டு?"

"கசெற்றில இரிக்கி. பஸ்ஸில போடுவான். கொப்பியில கொப்பி அடிச்ச கசெற், பேரும் இல்ல ஊரும் இல்ல. பாடு, பாடு, வாயப் பாத்துக்கிட்டு நிக்காத."

அவனும் பாடினான். தன்னுடைய பாட்டைத் தெரியாதவன் மாதிரி எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஆனால் பஸ்ஸில் பழகினது அவனுடைய வாயில் இருந்தது.

"வெள்ளாப்பு வந்திரிச்சி... லலலா!"

மற்ற எல்லோரும் அடி முடிந்த இடத்தில் வாயை மூடி, மூச்சை அடக்கி, முதுகைச் சாய்த்து ஒரே இழுவையாக இழுத்தார்கள். ஜவுபர் மட்டும் அந்த நேரத்தில் லலலா சொல்லிக்கொண்டிருந்தான். லலலா முடிந்து அவன் இழுத்தபோது மற்றவர்கள் அடுத்த அடிக்கு மூச்சு எடுத்துவிட்டார்கள். கயிறு அவனுக்கு முன்னால் தளர்ந்து பின்னால் சுண்டியது. பின்னால் நின்றவன் மணலில் குந்தினான். அவனுக்குப் பின்னால் நின்றவன் அவன் மேல் விழுந்தான்.

"ஆரடா அது லலலா?" கதிர்காமன் திரும்பிப் பார்த்தார்.

"கல்முனையான்!"

"என்ன தம்பி, மாமியார் வீட்டுக்கா வந்தாய்? பாட்டுத் தெரியாட்டி வாயப் பொத்திற்று இழு. அந்த இடத்தில பாடக்கூடா. அது இழுக்கிற இடம்."

ஜவுபர் வாயை மூடினான். காது சுட்டது. அடுத்த அடி வந்தது. "வீட்டுச் சேவல்" என்று அவன் மனசுக்குள் சொன்னான், அவர்கள் மீன் என்றார்கள். அடி முடிந்தது. பள்ளம் வந்தது. இந்தத் தரம் அவன் அதற்குள் எதையும் போடவில்லை. முதுகு தானாகச் சாய்ந்தது. குதிகால் மணலில் புதைந்தது. முன்னாலும் பின்னாலும் நின்ற எல்லாருடைய பாரமும் ஒரே பாரமாகி, அவனுடைய இரண்டு கைகளுக்குள்ளால் போனது. கடல் ஓரடி கிட்ட வந்தது.

சத்தம் இல்லாத இடம் அது. ஆனால் அங்கேதான் எல்லாம் நடந்தது. அடி முழுக்கப் பாடினது அந்த இடத்துக்கு வந்து சேரத்தான். பேப்பர்காரர் பார்த்த பள்ளம், றஸாக் விழுந்த பள்ளம், கபூருக்குப் பல் கூசின பள்ளம். அவனுடைய சின்ன வயதில் வாப்பா ஏணைத் தொட்டிலை ஆட்டும்போது ஒரு வரியைப் பாடுவார், பிறகு சும்மா இருப்பார், ஏணை ஒருதரம் போய் வரும், திரும்பப் பாடுவார். வீட்டிலும் மனிசன் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மகனைக் கயிற்றில் கை வைக்க விடவில்லை. ஆனால் கயிறு வைத்தே அவனைத் தூங்கப்பண்ணியிருக்கிறார். ஜவுபர் முப்பது வயதில் ஒரு பாட்டுக் கட்டினான், கயிறு அதற்குள் இருந்தது. அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

உள்ளங்கை எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது.

வெயில் ஏறியபோது தண்டயல் கையை அசைத்தார். வலையின் மடிக்குள் கீரி மீன் அடைத்துக்கொண்டது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. வடக்குக் கயிறு முந்திவிட்டது, தெற்குக் கயிறு பிந்தியது. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் மடி சரிந்து மீன் முழுக்கப் போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கதிர்காமனுக்குத் தொண்டை அடைத்தது. ஓரடி சொன்னார், காற்றுத்தான் வந்தது. கயிறு பின்னுக்குப் போகாமல் ஆட்களை முன்னுக்கு இழுத்தது. முன்னால் நின்றவர்களுக்கு முழங்கால் வரை தண்ணீர்.

"எடுத்துச் சொல்லுங்கடா ஆராவது!" மீராமுகைதீன் கத்தினார். "வாய் செத்துப் போச்சா?"

ஜவுபர் தலையைப் பின்னால் எறிந்து எடுத்தான்.

மேடையில் அவன் ஒருநாளும் அப்படிப் பாடினதில்லை. மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கடல் இரைச்சலுக்கு மேலால் குரல் போய் வடக்குக் கயிற்றில் விழுந்தது. அங்கே நின்றவர்களும் வாங்கினார்கள். அடி, இழுவை. அடி, இழுவை. வாப்பா வாறார் என்று அவன் தன்னுடைய சொல்லையே போட்டான், அவர்கள் தண்டயல் என்றார்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. பாடுகிற வாய்க்கும் இழுக்கிற முதுகுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் போனது. இரண்டு கயிறுகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. மடி மணலில் ஏறியபோது அது உயிருள்ள ஒரு பெரிய வயிறு மாதிரி மூச்சு வாங்கியது. கீரி மீன் வெயிலில் கண்கூசப் பளபளத்தது. இழுத்தவர்கள் அப்படியே மணலில் மல்லாந்து கிடந்து காரணம் இல்லாமல் சிரித்தார்கள். கையில் தோல் இல்லாமல், வயிற்றில் சோறு இல்லாமல் சிரித்தார்கள்.

கதிர்காமன் வந்து பக்கத்தில் குந்தினார். குரல் கரகரத்தது.

"நல்லாத்தான் பாடுறாய் தம்பி."

ஜவுபர் எரிந்த உள்ளங்கைகளை ஈர மணலில் அமர்த்தினான்.

"ஆனா கசெற்காரன் மாதிரி வராது. அவன்ட குரல் வேற."

"ஓம் அண்ணன். அவன் பெரிய ஆள்."

"கோயில் திருவிழாவுக்கு வேறொரு கசெற்றும் போட்டாங்க. வாப்பா பாய் எண்டு ஒரு பாட்டு. எனக்கும் சூறாவளியில வீடு போச்சு, தம்பிக்காரன் போனான். கேட்டு அழுதன். நல்ல பாட்டுத்தான். ஆனா அழுதுபோட்டு இழுக்க ஏலாடாப்பா." அவர் எழும்பி மணலைத் தட்டினார். "மறுகா இந்தப் பாட்டு வந்திச்சு. இதக் கட்டினவன் கயிறு இழுத்தவன். இல்லாட்டி இழுத்தவன்ட புள்ள. எழும்பு, மீன் பிரிப்பம்."

ஜவுபர் எழும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பெருநாளுக்கு முதல் நாள் கல்முனைக்கு வந்து நேரே கபூரின் வீட்டுக்குப் போனான். கோஷ்டி ஒத்திகைக்குக் கூடியிருந்தது.

"காக்கா, லலலா வராது."

"தொண்டை சரியில்லையா?"

"தொண்டை நல்லா இரிக்கி. அந்த இடத்தில ஒண்டும் வராது. அது இழுக்கிற இடம்."

"என்னத்த இழுக்கிற?"

ஜவுபர் முற்றத்தில் இறங்கினான். கிணற்றடியில் கிடந்த கயிற்றை எடுத்துத் தென்னையில் கட்டினான். "பிடிங்க" என்றான். கோஷ்டிக்காரர் பார்த்துச் சிரித்தார்கள். றஸாக்தான் முதலில் பிடித்தான், பிறகு கிற்றார்காரன், பிறகு மற்றவர்கள். கபூர் வாசலில் அக்கோடியனை நெஞ்சில் மாட்டியபடி நின்றார், வரவில்லை. ஜவுபர் பாடினான். அடி முடிந்ததும் இழுக்கச் சொன்னான். முதல் தரம் ஆளுக்கொரு பக்கமாக ஆடினார்கள். பிறகு வந்தது. தென்னை ஓலை சலசலத்தது.

றஸாக் கயிற்றை விட்டுவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். "டேய், நான் இவ்வளவு நாளும் இந்த இடத்தில அடிக்கப் பாத்தன்டா. இதில கைய எடுக்கோணும்."

கபூர் அக்கோடியனின் வாரை இறுக்கிக்கொண்டார். பிறகு, "மேடைக்குக் கயிறு கொண்டு வர ஏலா" என்றார்.

"தேவையில்ல காக்கா."

"சனம் சிரிச்சிதெண்டா நான் அந்த இடத்திலயே அக்கோடியனால மூடிருவன். அதுக்குப் பிறகு நீ நம்மட மேடையில இல்ல. சொல்லிட்டன்."

"சரி."

பெருநாள் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை நிறைந்தது. புதுச் சாரன், அத்தர் மணம், பிள்ளைகளின் பலூன். பெண்கள் தென்னைகளுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மைமூனாவும் அங்கேதான் இருந்தாள். முன்னால் படித்தவர்களும் முதலாளிமார்களும் கதிரைகளில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கதிரை இல்லாத சனம்: கரைவலைக்காரர், மில் ஆட்கள், வயல்காரர், மண் ஏற்றுகிறவர்கள். வாப்பா பாட்டு முடிந்தது. கதிரைகளில் சால்வைகள் முகத்துக்குப் போயின. அடுத்ததாக வெள்ளாப்பு என்று கபூர் அறிவித்ததும் முன்வரிசையில் ஒருவர், "பள்ளம் வருகிது" என்று சத்தமாகச் சொன்னார். சிரிப்பு எழும்பியது. கபூரின் விரல்கள் அக்கோடியன் கட்டைகளுக்கு மேலே தயாராக நின்றன.

"வெள்ளாப்பு வந்திரிச்சி" என்று ஜவுபர் பாடி, நிறுத்தினான்.

றஸாக் கையை எடுத்தான். ஒரு சத்தமும் இல்லை. கதிரைகளில் சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"வீட்டுச் சேவல் கூவிரிச்சி."

நின்றான். அப்போதுதான் பின்னாலிருந்து அது கேட்டது. மணல் உரசுகிற சத்தம். கதிரைகளுக்குப் பின்னால் நின்ற சனம், யாரும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், முதுகைச் சாய்த்து ஓரடி பின்னால் வைத்திருந்தது. வெறுங்கைகள் முன்னால் மூடி இருந்தன, கயிற்றைப் பிடித்த மாதிரி.

"பள்ளியால வாப்பா வாறார்."

இந்தத் தரம் கடற்கரை முழுக்க. ஆயிரம் குதிகால் ஒன்றாக மணலில் இறங்கியது. தென்னைகளுக்கு அந்தப் பக்கமும் வளையல்கள் ஒருதரம் குலுங்கி நின்றன. கதிரையில் இருந்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பினவர்கள் அப்படியே இருந்தார்கள். மேடைக்கு எதிரே கடல் அலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது போல இருந்தது.

ஜவுபர் பக்கவாட்டில் பார்த்தான். கபூர் மூடவில்லை. கட்டைகளிலிருந்து விரல்களை எடுத்துவிட்டிருந்தார். அடுத்த அடி முடிந்த இடத்தில், காற்றை மட்டும் விடுகிற பொத்தானை அமர்த்திக்கொண்டு, அக்கோடியனை இரண்டு கையாலும் விரிய இழுத்தார். சுரம் ஒன்றும் வரவில்லை. ஒரு பெரிய மூச்சு மட்டும் மைக்கில் விழுந்து, ஸ்பீக்கர்களால் கடற்கரை முழுக்கப் போனது.